மீதிப் பதின்மூன்று டன் எங்கிருந்து வந்தது?

மருந்துக் கிடங்கிலோ மொத்த மளிகைக் கடையின் குடோனிலோ ஸ்டாக்கர் என்ற வண்டியைப் பார்த்திருப்பீர்கள். ஃபோர்க்லிஃப்ட் மாதிரியேதான், ஆனால் உட்கார இருக்கை கிடையாது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடக்க வேண்டும். பொத்தானை அழுத்தினால் உள்ளே ஏதோ உறுமும். ஒரு டன் சரக்கு பலகையோடு தலைக்கு மேலே போய் நிற்கும். அப்படி உறுமுகிற கருவியைக் கழற்றி மேசைமேல் வைத்தால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். ஒரு மின்மோட்டார், அதன் முனையில் கைக்குள் அடங்கும் பம்பு, எட்டு லிட்டர் எண்ணெய் கொள்ளும் தொட்டி, அவ்வளவுதான். பட்டறைகளில் இந்த மூன்றையும் சேர்த்துப் பவர்பேக் என்பார்கள்.

வண்டி துருவேறி, பேட்டரி செத்து, எடைக்குப் போகும் நாளிலும் பவர்பேக் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். பழைய இரும்புக் கடைக்காரர் அதைத் தனியாக எடுத்து வைத்துவிடுவார். சிறு லேத் பட்டறைக்காரர் ஒருவர் அதை வாங்கித் தன் பிரஸ்ஸுக்கு மாட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பேரிங் ஏற்றவும் புஷ் இறக்கவும் வளைந்த தண்டை நிமிர்த்தவும் உதவும் பிரஸ் அது. அதுவரை கையால் பம்பு அடித்துத்தான் ஓட்டிக்கொண்டிருந்தார். மாற்றி முடித்ததும் பிரஸ் 14 டன் விசையோடு அழுத்துகிறது.

அதே மோட்டார், அதே பம்பு, அதே எண்ணெய். கிடங்கில் ஒரு டன், பட்டறையில் பதினான்கு டன். இடையில் யாரும் எதையும் கூடுதலாகச் சேர்க்கவில்லை.

முள் ஏன் அசையவில்லை?

பழைய பவர்பேக் வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே அதை ஓட்டிப் பார்ப்பார்கள். இரண்டு லாரி பேட்டரியைத் தொடராக இணைத்தால் 24 வோல்ட் கிடைத்துவிடும். எண்ணெய் வெளிவரும் துளையில் பிரஷர் கேஜும் வால்வும் கொண்ட ஒரு குழாயை மாட்டி, மறுமுனையை வாளிக்குள் விடுவார்கள். எண்ணெய் கொட்டும். கேஜின் முள்ளோ பூஜ்யத்திலேயே படுத்திருக்கும்.

"என்னண்ணே, பிரஷரே இல்ல? பம்பு போச்சு போலயே."

"வாளிக்குள்ள விட்டா எங்கப்பா பிரஷர் வரும்? வால்வை மூடிட்டுப் பாரு."

கடைக்காரர் சொல்வதுதான் சரி. பம்பு அழுத்தத்தை உண்டாக்குவதில்லை. எண்ணெயை நகர்த்துவது மட்டுமே அதன் வேலை. ஒரு நிமிடத்தில் இத்தனை லிட்டர் என்று அது தள்ளும் அளவைப் பாய்வு என்போம். போகும் வழியில் தடை இருந்தால் அந்தத் தடைக்கு ஏற்ற அளவு அழுத்தம் ஏறும். தடை இல்லையென்றால் அழுத்தமும் இல்லை. வெறும் பலகையைத் தூக்கும்போது ஸ்டாக்கரில் மாட்டிய கேஜ் கொஞ்சமாகவும், சரக்கோடு தூக்கும்போது அதிகமாகவும் காட்டுவது இதனால்தான். அழுத்தத்தின் அளவைச் சுமை தீர்மானிக்கிறது. பம்பு அந்த அளவுக்கு ஈடுகொடுக்கிறது, அவ்வளவுதான்.

வழியை முழுக்க அடைத்துவிட்டால்? பம்பு பணிந்து நிற்காது. குழாயோ சிலிண்டரோ பம்பின் உடலோ எது முதலில் உடையுமோ அதுவரை அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போகும். அதற்குத்தான் ரிலீஃப் வால்வு. ஸ்பிரிங்கால் அழுத்தி மூடப்பட்ட சின்னத் துவாரம் அது. நாம் வைத்த எல்லையை அழுத்தம் தொட்டதும் ஸ்பிரிங் விலகி, எண்ணெய் தொட்டிக்கே திரும்பிவிடும். நம் பவர்பேக்கில் அந்த எல்லை சதுர சென்டிமீட்டருக்கு 180 கிலோ. பட்டறைப் பேச்சில் சுருக்கமாக 180 கிலோ பிரஷர்.

பல் இடுக்கில் அரை டீஸ்பூன்

பம்பைத் திறந்தால் உள்ளே ஒன்றோடொன்று கோத்த இரண்டு பற்சக்கரங்கள்தான் இருக்கும். எண்ணெய் அவற்றின் நடுவே புகுந்து போவதாகத்தான் பார்த்தவுடன் தோன்றும். உண்மையில் அது வெளி ஓரமாகச் சுற்றிப் போகிறது. பல்லுக்கும் பல்லுக்கும் இடையிலுள்ள பள்ளத்தில் நிரம்பி, பம்பின் உட்சுவரை ஒட்டியே அரைவட்டம் பயணம் செய்து, மறுபக்கம் போய்ச் சேர்கிறது. நடுவில் பற்கள் கோத்துக்கொண்டிருப்பதால் வந்த வழியே திரும்ப இடமில்லை. கோள்களின் பாதையைக் கணித்த கெப்ளர், 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுரங்கத் தண்ணீரை இறைக்க இந்த மாதிரிப் பல்சக்கர பம்பு ஒன்றை வடிவமைத்தார். வானத்தைப் பார்த்தவருக்குச் சுரங்கத்தில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். அரசவைக் கணிதருக்குச் சம்பள பாக்கி எப்போதும் இருந்துகொண்டே இருந்தது.

நாம் எடுத்துக்கொண்ட பம்பு ஒரு சுற்றுக்கு 2.5 கன சென்டிமீட்டர் எண்ணெயைத் தள்ளுகிறது, அதாவது அரை டீஸ்பூன். மோட்டார் நிமிடத்துக்கு 2,400 சுற்றுச் சுற்றினால் பாய்வு 6 லிட்டர். அடுத்த கணக்கு முழுவதும் இந்த 6 லிட்டரையும் 180 கிலோவையும் வைத்துத்தான்.

ஒரே பம்பு, இரண்டு சிலிண்டர்

முதலில் ஸ்டாக்கர். அதன் தூக்குத்தண்டின் விட்டம் 45 மில்லிமீட்டர். முகப்பரப்பு ஏறக்குறைய 16 சதுர சென்டிமீட்டர். தண்டு நேரடியாகப் பலகையைத் தூக்குவதில்லை. நடுவே உருளைமேல் ஓடும் சங்கிலி ஒன்று உண்டு. தண்டு ஒரு அடி ஏறினால் சங்கிலி பலகையை இரண்டு அடி ஏற்றும். அதற்குப் பதிலாகத் தண்டின்மேல் இரு மடங்கு சுமை விழும். சரக்கும் பலகையுமாக 1.1 டன் என்றால் தண்டு தாங்குவது 2.2 டன். அதை 16 சதுர சென்டிமீட்டருக்குப் பங்கிட்டால் 138 கிலோ பிரஷர். நிமிடத்துக்கு 6 லிட்டர் உள்ளே வரும்போது தண்டு நொடிக்கு 6.3 சென்டிமீட்டர் ஏறும், பலகை 12.6 சென்டிமீட்டர் ஏறும்.

இப்போது பிரஸ். பழைய மண்வாரி இயந்திரத்திலிருந்து கழற்றிய 100 மில்லிமீட்டர் சிலிண்டரை வைக்கிறோம். பிஸ்டனின் பரப்பு 78.5 சதுர சென்டிமீட்டர். ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் 180 கிலோ தள்ளுகிறது. பெருக்கினால் 14,130 கிலோ, அதாவது 14 டன்.

இனி வேகம். அதே 6 லிட்டர் இப்போது அகலமான சிலிண்டரை நிரப்ப வேண்டும். பிஸ்டன் நொடிக்கு 1.27 சென்டிமீட்டர்தான் நகரும். ஸ்டாக்கரின் பலகை போன வேகத்தில் பத்தில் ஒரு பங்கு. விசை ஏறக்குறைய பதின்மூன்று மடங்கு கூடியிருக்கிறது. அதில் பத்து மடங்கு, வேகத்தைப் பத்து மடங்கு விட்டுக்கொடுத்ததால் வந்தது. மிச்சம் 1.3 மடங்கு, ஸ்டாக்கரில் 138 கிலோவோடு நின்ற அழுத்தம் இங்கே 180 வரை ஏறுவதால் வந்தது. மோட்டாரும் அதற்கு ஈடாகக் கூடுதல் மின்சாரம் இழுக்கிறது. பதின்மூன்று டன்னின் கணக்கு இதோடு தீர்ந்தது.

ஒரே அழுத்தம் அகலமான பரப்பில் அதிக விசையாகும் என்ற இந்த விதியை எழுதிவைத்தவர் பாஸ்கல். அவர் இறந்த மறுவருடம், 1663இல், அதைச் சொன்ன நூல் வெளிவந்தது. அதை இயந்திரமாக்கி 1795இல் காப்புரிமை வாங்கியவர் ஜோசப் பிராமா என்ற ஆங்கிலேயப் பூட்டுத் தொழிலாளி. அவருக்கு வந்த பெரிய தொல்லை ஒழுகல். தண்டைச் சுற்றித் தண்ணீர் பீறிட்டுக்கொண்டே இருந்தது. பிராமாவின் பட்டறையில் வேலை பார்த்த ஹென்றி மாட்ஸ்லே கிண்ணம்போல் மடித்த தோல் வளையத்தைச் செருகினார் என்பார்கள். உள்ளே அழுத்தம் ஏற ஏற அதுவே தோலை விரித்துத் தண்டோடு இன்னும் இறுக்கிவிடும். இன்றைக்கு சீல் கிட் என்று பொட்டலத்தில் கிடைக்கும் ரப்பர் வளையங்களும் இதே உபாயத்தில்தான் வேலை செய்கின்றன.

பம்பும் சிலிண்டரும் ஒரே இயந்திரத்திலிருந்து வந்திருக்க வேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை. லண்டனில் 1883 முதல் 1977 வரை ஒரு கம்பெனி தெருக்களின் அடியில் குழாய் பதித்து, அழுத்தமேற்றிய தண்ணீரை விற்றுவந்தது. பம்பு ஒரு பேட்டையில், பளுதூக்கி வேறொரு பேட்டையில். 1894இல் திறந்த டவர் பாலம் நீராவி பம்புகளால் அழுத்தமேற்றிய தண்ணீரில் இயங்கியது. 1976இல் அதை எண்ணெய்க்கும் மின்மோட்டாருக்கும் மாற்றினார்கள். பாலம் அதே பாலம்தான்.

கைப் பிரஸ்ஸின் சிலிண்டரே போதாதா?

மண்வாரி சிலிண்டரைத் தேடி ஏன் அலைய வேண்டும்? 20 டன் என்று முத்திரை குத்திய கைப் பிரஸ்ஸின் சொந்த சிலிண்டர் இருக்கிறதே, அதிலேயே பவர்பேக்கை இணைத்துவிட்டால் என்ன? நிறையப் பேர் இங்கேதான் காசைத் தொலைக்கிறார்கள்.

கைப் பிரஸ்ஸின் பிஸ்டன் 60 மில்லிமீட்டர் என்றால் பரப்பு 28 சதுர சென்டிமீட்டர். 20 டன் வேண்டுமானால் பிரஷர் 700 கிலோவைத் தொட வேண்டும். கைபம்பு அதைத் தரும். அதன் தண்டு விரல் பருமன்தான், ஒரு தடவை அடித்தால் கொஞ்சம் எண்ணெயைத்தான் தள்ளுகிறது. அதனால் நம் கையே 700 கிலோவுக்கு ஈடுகொடுத்துவிடுகிறது. பல்சக்கர பம்பு அந்த உயரத்துக்கு ஏறாது. நம்முடையது 180 கிலோவோடு நின்றுவிடும். அந்த சிலிண்டரில் கிடைப்பது 5 டன் மட்டுமே. மோட்டார் மாட்டியபின் பிரஸ் முன்பைவிட மெலிந்துவிட்டதே என்று திகைப்பவர்கள் ரிலீஃப் வால்வின் திருகை இறுக்கப் பார்ப்பார்கள். அந்தப் பக்கமே போகக் கூடாது.

பழைய பிரஸ்ஸில் எடுத்துக்கொள்ளத்தக்கது அதன் சட்டம். 20 டன்னுக்குச் செய்த சட்டம் 14 டன்னைத் தாங்கும்.

இறங்கும் வழி

ஸ்டாக்கரில் சரக்கு தன் எடையாலேயே இறங்கிவிடும். அதனால் பவர்பேக்கில் எண்ணெய் போக ஒரே ஒரு துளைதான். இறக்கும் வால்வைத் திறந்தால் எண்ணெய் அதே வழியில் திரும்பும். பிரஸ்ஸின் பிஸ்டன் அப்படித் தானாக மேலே ஏறாது. அதையும் பம்புதான் ஏற்ற வேண்டும்.

எனவே ஒரு திசைமாற்று வால்வு வேண்டும். லிவரை முன்னால் தள்ளினால் எண்ணெய் சிலிண்டரின் மேல்பக்கம் போகும், பின்னால் இழுத்தால் கீழ்ப்பக்கம். கையை எடுத்ததும் லிவர் நடுவில் வந்து நிற்க வேண்டும். வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: லிவர் நடுவில் இருக்கும்போது எண்ணெய் எங்கே போகும்? தொட்டிக்கு நேராகத் திரும்பும் வகையாக இருந்தால் பம்பு சுமையில்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும். நடுவில் எல்லா வழியும் அடைபடும் வகையாக இருந்தால் மோட்டார் ஓடும் நேரமெல்லாம் எண்ணெய் ரிலீஃப் வால்வு வழியாகத்தான் பிதுங்க வேண்டும். கடையில் இரண்டும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும்.

ரிலீஃப் வால்வில் பிதுங்குவதைச் சொல்லி ஏன் இப்படிப் பயமுறுத்துகிறேன்? 180 கிலோவில் 6 லிட்டர் பாய்வு என்பது ஏறக்குறைய 1.8 கிலோவாட். பிஸ்டன் நகராதபோது அது முழுவதும் வெப்பமாகிறது. ஒரு பெரிய வாட்டர் ஹீட்டர் கம்பியை எட்டு லிட்டர் எண்ணெயில் போட்ட கதை. எண்ணெய் தண்ணீரைவிடச் சீக்கிரம் சூடேறும்: நிமிடத்துக்கு எட்டு டிகிரி. சித்திரை மாதத்துப் பட்டறையில் 38 டிகிரியில் தொடங்கினால் நாலு நிமிடத்தில் 70.

24 வோல்ட் படுத்தும் பாடு

1.8 கிலோவாட் எண்ணெய்க்குப் போய்ச் சேர வேண்டுமானால் பம்பின் இழப்பும் மோட்டாரின் இழப்பும் சேர்த்து 3 கிலோவாட் மின்சாரம் உள்ளே போக வேண்டும். 24 வோல்ட்டில் அது 125 ஆம்பியர், கட்டைவிரல் பருமன் கேபிள் கேட்கும். வீட்டு மின்சாரத்தை அவ்வளவு ஆம்பியரில் 24 வோல்ட்டாக மாற்றித்தரும் கருவி பம்பின் விலையைவிட அதிகமாகிவிடும். இரண்டு லாரி பேட்டரியும் ஒரு சிறிய சார்ஜரும்தான் சிக்கனம். முழு விசையில் பத்து நொடி அழுத்தினால் 0.35 ஆம்பியர்-மணி போகிறது. நூறு புஷ் இறக்கினாலும் பேட்டரி தாங்கும். ஆனால் ஸ்டாக்கர் மோட்டார் சில நொடி ஓடிப் பல நிமிடம் ஓய்வெடுக்கப் பழகியது. அதை நாள் முழுக்கச் சும்மா சுற்றவிட்டால் கார்பன் பிரஷ் கருகும். லிவரிலேயே ஒரு ஸ்விட்சை வைத்து, தள்ளும்போது மட்டும் மோட்டார் ஓடும்படி செய்வது நல்லது.

இன்னொரு வழி, மோட்டாரையே மாற்றுவது. பம்பை மட்டும் கழற்றி, பட்டறையில் சும்மா கிடக்கும் மூன்று ஃபேஸ் மோட்டாரோடு கப்ளிங் போட்டு இணைக்கலாம். அது 1,440 சுற்று. பாய்வு 3.6 லிட்டராகக் குறையும். பிஸ்டன் நொடிக்கு 7.6 மில்லிமீட்டர்தான் நகரும். விசையோ அதே 14 டன். வேகம் குறைந்ததால் சக்தியும் குறைவாகவே தேவைப்படும். 2 குதிரைத்திறன் போதும்.

ஆனால் பம்பின் உடலில் பொறித்த அம்புக்குறியைப் பார்க்காமல் இணைக்காதீர்கள். மூன்று ஃபேஸ் மோட்டாரில் இரண்டு வயர் இடம் மாறினால் சுழற்சி தலைகீழாகும். அப்போது உறிஞ்சும் பக்கம் அழுத்தும் பக்கமாகிவிடும். தண்டைச் சுற்றியுள்ள மெல்லிய சீல் வெறும் உறிஞ்சும் பக்கத்துக்காகச் செய்தது, பிய்த்துக்கொண்டு வரும். கப்ளிங் மாட்டுமுன் மோட்டாரைத் தனியே ஒருமுறை தட்டிப் பார்த்தால் இந்தச் செலவு மிச்சம்.

காலையில் நன்றாக ஓடி மதியம் சோர்வது

பழைய பம்பு வாங்கியவர்கள் எல்லோரும் சொல்லும் புகார் இது. காலை ஒன்பது மணிக்கு முரட்டுத்தனமாக அழுத்திய பிரஸ், மதியம் சாப்பிட்டு வந்தபின் அதே புஷ்ஷை இறக்க முடியாமல் முனகும். பம்புக்குத் தூக்கம் வருவதில்லை. சங்கதி பற்சக்கரத்துக்கும் பக்கத் தகட்டுக்கும் நடுவில் இருக்கிறது.

அந்த இடைவெளி மில்லிமீட்டரில் நூறில் சில பங்குகள். அழுத்தமேறிய எண்ணெய் அதன் வழியே வந்த பக்கமே திரும்பிக் கசியும். புதிய பம்பிலும் கசிவு உண்டு, ஆனால் கொஞ்சம். மெல்லிய இடுக்கில் கசிவு இடைவெளியின் மும்மடிக்கு ஏற்ப வளர்வதுதான் வில்லங்கம்: இடைவெளி இரண்டு மடங்கானால் கசிவு எட்டு மடங்கு. 180 கிலோவில் நிமிடத்துக்கு 0.4 லிட்டர் கசிந்த பம்பு, அழுக்கு எண்ணெயில் தேய்ந்து இடைவெளி இரட்டித்தால் 3.2 லிட்டர் கசியும். 6 லிட்டரில் பாதிக்கு மேல் போயிற்று. பிரஸ் மெதுவாகும், ஆனால் இன்னும் அழுத்தும்.

இனி சூடு. கடையில் கேட்டு வாங்கும் 68 நம்பர் ஹைட்ராலிக் ஆயிலின் 68 என்பது 40 டிகிரியில் அதன் பிசுக்கு. 55 டிகிரியில் அது பாதியாகிவிடும். எண்ணெய் பாதி நீர்த்தால் கசிவு இரட்டிக்கும்: 6.4 லிட்டர். பம்பு தள்ளுவதே 6 லிட்டர்தான். முள் 180-ஐத் தொடவே தொடாது. 170 அருகில் தடுமாறி நிற்கும், பிஸ்டன் அசையாது. மதியத்தின் சோர்வு இதுதான்.

இதே பம்பை 1,440 சுற்று மோட்டாரில் மாட்டிப் பாருங்கள். கசிவு வேகத்தைப் பார்ப்பதில்லை, அழுத்தத்தைத்தான் பார்க்கிறது. குளிர்ந்த எண்ணெயிலேயே 3.6 லிட்டரில் 3.2 கசிந்துவிடும். காலையிலேயே படுத்துவிடும். ஸ்டாக்கரில் நன்றாக ஓடியதே என்று விற்றவரைத் திட்டிப் பயனில்லை. அவர் சொன்னதும் உண்மைதான்.

ஆகவே வாளியில் எண்ணெய் கொட்டுவதைப் பார்த்துப் பம்பை எடை போடக் கூடாது. குழாயின் வழியில் ஒரு நெருக்கு வால்வை வைத்து, கேஜ் 150 கிலோ காட்டும்வரை மெல்ல மூடி, அந்த நிலையில் ஒரு நிமிடத்துக்கு வாளியில் எவ்வளவு சேர்கிறது என்று அளக்க வேண்டும். சும்மா கொட்டும்போது வந்ததில் எண்பது சதவீதமாவது வந்தால் வாங்கலாம் என்பது என் அளவுகோல். எண்ணெயைக் கொஞ்சம் சூடாக்கிவிட்டு அளந்தால் இன்னும் நேர்மையான பதில் கிடைக்கும். கடைக்காரர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.

கை போகக் கூடாத இடங்கள்

பழைய ரப்பர் குழாயில் ஊசிமுனைத் துளை விழுந்தால் எண்ணெய் கண்ணுக்கே தெரியாத இழையாகப் பாயும். எங்கே ஒழுகுகிறது என்று விரலால் தடவித் தேடுவது பட்டறைகளில் பழக்கம். அந்த இழை தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே தெரிவது கொசுக்கடி அளவு புள்ளி, வலியும் முதலில் பெரிதாக இருக்காது. உள்ளே எண்ணெய் தசையை அழித்துக்கொண்டே போகும். உடனே அறுவை சிகிச்சை கிடைக்காவிட்டால் விரலையோ கையையோ இழக்க நேரிடும். கசிவைத் தேட அட்டைத்துண்டு போதும். பழைய குழாய்களை பம்போடு சேர்த்து இலவசமாகத் தந்தாலும் வாங்காதீர்கள்.

மற்றொன்று, மோட்டாருக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் பழைய கான்டாக்டர். 125 ஆம்பியரைப் பல வருடம் தட்டித் தட்டி அதன் முனைகள் கருகியிருக்கும். ஒருநாள் அவை ஒட்டிக்கொண்டால் ஸ்விட்சை விட்டாலும் மோட்டார் நிற்காது. பேட்டரியைத் துண்டிக்கும் பெரிய ஸ்விட்ச் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

சிலிண்டரின் கீழ்ப்பக்கத்தையும் கவனிக்க வேண்டும். அங்கே 50 மில்லிமீட்டர் தண்டு இடத்தை அடைத்துக்கொள்வதால் எண்ணெய் படும் பரப்பு 59 சதுர சென்டிமீட்டர்தான். மேலிருந்து 180 கிலோவில் தள்ளும்போது கீழே திரும்பும் வழி அடைபட்டிருந்தால், அங்கே பிரஷர் 240 ஆகிவிடும். ரிலீஃப் வால்வுக்கு அது தெரியவே தெரியாது.

கேஜின் முகத்தில் டன்

எல்லாம் மாட்டியபின் சிலிண்டரை வெறுமனே நாலைந்து முறை ஏற்றி இறக்கிக் காற்றை வெளியேற்ற வேண்டும். காற்று இருக்கும்வரை பிஸ்டன் துள்ளித் துள்ளி நகரும், தொட்டியில் எண்ணெய் மோர்போல் வெளுத்து நுரைக்கும். நுரை அடங்கியதும் முதல் புஷ்ஷை வைக்கலாம். பெரும்பாலான வேலைக்கு 14 டன் தேவைப்படாது. புஷ் 3 டன் கேட்டால் முள் 38 கிலோவில் நிற்கும், மோட்டார் அலட்டிக்கொள்ளாது. திடீரென்று முள் எகிறினால் புஷ் கோணலாக இறங்குகிறது, அல்லது அடியில் எதிலோ முட்டிவிட்டது. உடனே லிவரை விட்டுவிட வேண்டும்.

பிஸ்டனின் பரப்பு மாறப்போவதில்லை என்பதால் அந்தக் கேஜே ஒரு தராசு. அதன் கண்ணாடியில் மார்க்கர் பேனாவால் 64 கிலோவுக்கு நேராக 5 டன், 127 கிலோவுக்கு நேராக 10 டன் என்று கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். வேறு சிலிண்டரை மாற்றும் நாளில் மறக்காமல் அழித்துவிட்டுப் புதிதாகக் கணக்குப் போட வேண்டும்.